தம்பி, உன் காலை ஒருதரம் பார்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பா, அக்கா, பிள்ளைகள் எல்லோரும் சுகம். போனில் "கால் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்கிறாய். "பரவாயில்லப்பா" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அங்கே உன்னை யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள். வேலைக்கு நடுவில் பேசுகிற பிள்ளையிடம், காலில் ரத்தக்குழாய் புடைத்துச் சுருண்டுகொள்கிற வெரிகோஸ் வெயினுக்குச் செய்த ஆபரேஷன் கதையைச் சொல்ல மனசு வருவதில்லை. அதனால் நிதானமாக எழுதுகிறேன். நேரம் கிடைக்கும்போது முழுக்கப் படி.

நான் நன்றாக நடக்கிறேன். முதுகில் போட்ட ஊசியின் மரப்பு விட்டதும், அன்றைக்குச் சாயங்காலமே நர்ஸம்மா வந்து எழுப்பி வார்டுக்குள் நடக்கவிட்டார்கள். ஆபரேஷன் என்றால் மாசக்கணக்கில் படுக்கை என்றுதான் நம் ஜனங்களுக்கு நினைப்பு. இதில் அப்படியே தலைகீழ். நடக்கும்போது கெண்டைக்கால் சதை இறுகி இறுகித்தான் ரத்தத்தை மேலே தள்ளுகிறதாம். படுத்தே கிடந்தால் ரத்தம் உறைந்து கட்டிவிடும் என்று சொன்னார்கள். நடக்கலாம், ஆனால் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது. உட்கார்ந்தால் காலைத் தொங்கப் போடக் கூடாது. பாரமான குடத்தைத் தூக்கக் கூடாது. கட்டிலின் கால்மாட்டில் அப்பா செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறார். காலையும் சாயங்காலமும் பிள்ளையார் கோயில் வரை போய் வருகிறேன்.

என்ன செய்தார்கள் என்று உனக்கும் தெரிந்திருக்க வேண்டும். காலிலிருந்து ரத்தத்தை மேலே கொண்டுபோகிற குழாய்க்குள் சின்னச் சின்ன வால்வுகள் உண்டு. ஏறின ரத்தம் திரும்பி இறங்காமல் அவை மூடிக்கொள்ளும். அவை பழுதானால் ரத்தம் கீழேயே தேங்கும், குழாய் புடைத்துச் சுருண்டுகொள்ளும். ரத்த ஓட்டத்தைத் திரையில் காட்டுகிற டாப்ளர் ஸ்கேன் எடுக்கிற அறையில் என்னை நிற்கவைத்துத்தான் பார்த்தார்கள். தொடையில் ஜெல் தடவி, டாக்டர் கெண்டைக்காலை ஒரு அமுக்கு அமுக்கினார், திரையில் நீலமாக ஓடியது. கையை எடுத்ததும் அதே இடம் சிவப்பாக மாறியது. அந்தச் சிவப்பு சட்டென்று நின்றிருந்தால் நல்ல வால்வு. எனக்கு அது வந்துகொண்டே இருந்தது. "பாருங்கம்மா, ஏறின ரத்தம் எல்லாம் திரும்ப இறங்குது" என்றார். கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்துப்போய் அரித்துக்கொண்டே இருந்ததற்கும், அந்தச் சின்னப் புண் ஆறாமல் இருந்ததற்கும் அதுதான் காரணம்.

ஆபரேஷன் அன்று காலையில் ஸ்டூல்மேல் ஏறி நிற்கச் சொல்லி, புடைத்த குழாயின் மேலெல்லாம் மார்க்கர் பேனாவால் கோடு போட்டார்கள். படுத்தால் ரத்தம் வடிந்து எல்லாம் தட்டையாகிவிடுமாம், அப்புறம் தேடிப் பிடிக்க முடியாது. முழங்காலுக்குப் பக்கத்தில் ஊசி குத்துகிற அளவுக்குத்தான் ஓட்டை. அது வழியாக லேசர் ஒயரைத் தொடை இடுக்கு வரை செலுத்தி, சூடு கொடுத்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுக்கிறார்கள். சூடு தோலுக்கும் உணர்ச்சி நரம்புக்கும் போய்விடாமல் இருக்க, குழாயைச் சுற்றிலும் குளிர்ந்த மருந்துத் தண்ணீரை ஏற்றுகிறார்கள். சூட்டில் குழாய் சுருங்கி ஒட்டிக்கொள்கிறது. பிறகு உடம்பே அதை மெல்ல மெல்லக் கரைத்துவிடுமாம். கெண்டைக்காலில் முடிச்சு முடிச்சாக இருந்ததை மட்டும் சின்னக் கீறல் போட்டுக் கொக்கியால் எடுத்துவிட்டார்கள். பெரிய தையல் எதுவும் இல்லை.

"குழாயை அடைச்சுட்டா ரத்தம் எந்த வழியா போகும்?" என்று பார்க்க வந்த அத்தை, சித்தி, எதிர்வீட்டு அக்கா எல்லோருமே கேட்டார்கள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. டாக்டரிடம் கேட்டேன். காலில் இருக்கிற ரத்தத்தில் சுமார் 90 சதவீதம் சதைக்கு உள்ளே ஆழமாக ஓடுகிற பெரிய குழாய் வழியாகத்தான் போகிறது, இது மேலே தோலடியில் ஓடுகிறது, அதுவும் கெட்டுப்போனது, அடைத்தால் காலுக்கு நல்லதுதான் என்றார். உள்குழாய் நன்றாக இருக்கிறதா என்று ஸ்கேனில் பார்த்துவிட்டுத்தான் ஆபரேஷனுக்கே ஒத்துக்கொள்கிறார்கள்.

அழுத்தச் சாக்ஸ் ஒன்று கொடுத்திருக்கிறார்கள், தொடை வரை வரும். அதைப் போடுவதுதான் பெரும்பாடு. காலையில் படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன்னாலேயே போட்டுவிட வேண்டும், இறங்கி நடமாடினால் கால் வீங்கிப்போகும். முதல் நாள் அக்காவும் அப்பாவும் சேர்ந்து இழுத்தும் குதிகாலைத் தாண்டவில்லை. அப்புறம் மருந்துக்கடைக்காரர் ஒரு வழி சொன்னார். பாதத்தில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு அதன்மேல் சாக்ஸை ஏற்றினால் வழுக்கிக்கொண்டு போகும். ஏறினதும் விரல் பக்கம் இருக்கிற திறப்பு வழியாகக் கவரை உருவிவிடலாம். இப்போது அப்பாவே தினமும் போட்டுவிடுகிறார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, என் குதிகாலைத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டு, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் உள்ளங்கையால் தடவித் தடவி மேலே ஏற்றுவார். சுருக்கம் விழுந்தால் அந்த இடத்தில் தோலை அறுக்கும் என்று யாரோ சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறார். உன் அப்பாவிடம் இவ்வளவு பொறுமை இருக்கிறது என்று இத்தனை வருஷத்தில் எனக்கே தெரியாது. எனக்கு அந்த நேரத்தில் கண் கலங்கிவிடும்.

வலி இல்லாமல் இல்லை. தொடையின் உள்பக்கம் கன்றிப்போய் நாவல்பழ நிறத்தில் இருந்தது, இப்போது மஞ்சளாகிக்கொண்டு வருகிறது. முதல் வாரம் கழிந்து, உள்ளே ஒரு கயிற்றைக் கட்டி இழுக்கிற மாதிரி இருந்தது. மூடின குழாய் இறுகும்போது அப்படித்தான் இருக்கும் என்றார்கள். கணுக்காலுக்கு மேலே ஓரிடம் மரத்தாற்போல் இருக்கிறது, அது நாளாக நாளாகச் சரியாகும். எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்கச் சொல்லிப் பலபேர் வந்து சொல்கிறார்கள். தொடவே விடவில்லை. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிக் கெண்டைச் சதை வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா அதைக் காகிதத்தில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறாள். புண் வாய் மூடிவிட்டது. அதுதான் எனக்குப் பெரிய நிம்மதி.

நீ சிங்கப்பூருக்கு வந்து இருந்துவிட்டுப் போகச் சொன்னாய். மதுரையிலிருந்து விமானத்தில் அவ்வளவு நேரம் காலை மடக்கி உட்கார்ந்து வரக் கூடாது, கொஞ்ச வாரம் போகட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தீபாவளி கழித்துப் பார்க்கலாம்.

கடை ஞாபகம்தான் அடிக்கடி வருகிறது. விளக்குத்தூண் பக்கம் சேலைப் பிரிவில் நின்ற நாளெல்லாம், ஆள் இல்லாத மத்தியான நேரத்தில்கூட நாங்கள் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தால் சூப்பர்வைசர் பார்க்கிற பார்வையே போதும். தீபாவளி நேரத்தில் ராத்திரி வீட்டுக்கு வந்தால் கால் என்னுடையது மாதிரியே இருக்காது, நீ சின்னப் பையனாக வந்து பிடித்துவிடுவாய். கேரளாவில் கோழிக்கோட்டில் துணிக்கடைப் பெண்கள் 'பெண்கூட்டு' என்று ஒன்றாகச் சேர்ந்து உட்காரும் உரிமை கேட்டார்கள், 2018-இல் அங்கே சட்டம் வந்தது. நம் தமிழ்நாட்டில் 2021-இல் வந்தது. கடையில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் இருக்கை போட வேண்டும், சமயம் கிடைக்கும்போது உட்காரலாம் என்று சட்டமே சொல்கிறது. அதற்குப் பிறகு எங்கள் பிரிவிலும் ஸ்டூல் வந்தது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அதில் உட்காரத் தயங்கிக்கொண்டு, சேலைக் கட்டுகளை அதன்மேல் அடுக்கிவைத்திருக்கிறார்கள். நான் திரும்பப் போனதும் முதல் வேலையாக அந்தக் கட்டுகளை எடுத்துவிட்டு உட்காரப்போகிறேன். அந்தப் பிள்ளைகளையும் உட்காரவைக்கப்போகிறேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். இதற்காகத்தான் இந்தக் கடிதமே. உன் அம்மாச்சிக்கு வலது கணுக்காலில் எப்போதும் துணி சுற்றியிருக்குமே, நினைவிருக்கிறதா? இட்லிக் கடை அடுப்பு முன்னால் நின்றே எங்களை வளர்த்தாள். மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டுக்கொண்டே இருந்தாள், அந்தப் புண் கடைசிவரை ஆறவில்லை. சர்க்கரைப் புண் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவளுக்குச் சர்க்கரையே கிடையாது. டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே "உங்க வீட்டில் வேறு யாருக்கு இருக்கு?" என்பதுதான். இது பரம்பரையாக வரும் தம்பி. அத்தோடு நிற்கிற வேலையும் சேர்ந்தால் சீக்கிரமே வரும். நீ தோசைக்கல் முன்னால் நிற்கிறாய், அந்த அனலுக்குக் குழாய் இன்னும் விரியும்.

போன தடவை ஊருக்கு வந்தபோது கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றடியில் நின்றாய். உன் இடது முழங்காலுக்குப் பின்னால் பச்சையாக ஒரு நெளிவு தெரிந்தது. ராத்திரியில் கெண்டைக்கால் சுண்டி இழுக்கிறது என்று உன் பெண்டாட்டியிடம் சொன்னதும் என் காதில் விழுந்தது. ஒரு டாப்ளர் எடுத்துப் பார்த்துவிடு. ஆரம்பத்தில் சாக்ஸ் போட்டே சமாளித்துக்கொள்ளலாம். ஆபரேஷன் வேண்டுமென்றால் விடுப்பு எடுத்துக்கொண்டு இங்கே வா, அம்மா இருக்கிறேன். அதுவரை அடுப்படியில் ஒரே இடத்தில் நிற்காதே. நடுநடுவே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கு, கிடைக்கிற நேரத்தில் நாலு எட்டு நட, படுக்கும்போது காலை உயர்த்தி வை. இரண்டு வேளை சோறு குறைந்தால்கூடப் பரவாயில்லை, இதைத் தள்ளிப்போடாதே.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வா. வேலை முடிந்து வந்ததும், குளிப்பதற்கு முன்னாலேயே கூப்பிடு. போனை மருமகள் கையில் கொடுத்துவிட்டு, திரும்பி நின்று இரண்டு காலையும் முழங்காலுக்கு மேல் வரை காட்டு. உட்கார்ந்துகொண்டு காட்டாதே, நின்றால்தான் தெரியும்.

அன்புடன்,
அம்மா