அட்டையில் எழுதாமல் விட்டது

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய கட்டுரையை நிதானமாகப் படித்தேன். இசைப் பத்திரிகை அட்டை ஒன்றை எடுத்து அதன் வடிவமைப்பை அலசச் சொன்னதற்கு, 1981 ஜனவரி 22 தேதியிட்ட ரோலிங் ஸ்டோன் என்ற அமெரிக்கப் பத்திரிகையின் இதழை எடுத்திருக்கிறாய். பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனன் ஆடையில்லாமல் தன் மனைவி யோகோ ஓனோவைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கும் அட்டை. வகுப்பில் பெரிய திரையில் போட்டுப் பேசக் கூச்சமாக இருக்கிறது, வேறு அட்டைக்கு மாறிவிடவா என்று கேட்டிருந்தாய். மாறாதே. இத்தனை வருஷம் அட்டை வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நல்ல அட்டையைத்தான் எடுத்திருக்கிறாய்.

என் குறை வேறு. முதல் பத்தியிலேயே, படம் எடுத்த அன்றிரவு லெனன் சுட்டுக் கொல்லப்பட்டதை எழுதிவிட்டாய். அதற்கப்புறம் நீ சொல்வது எல்லாமே சாவைப் பற்றித்தான். வெளிச்சம் சோகமாக இருக்கிறதாம், அணைப்பு விடைபெறுவது போல இருக்கிறதாம். 1980 டிசம்பர் 8 அன்று நியூயார்க்கின் டகோட்டா கட்டடத்தில், அவர்கள் வீட்டில் புகைப்படக்காரர் ஆனி லீபோவிட்ஸ் இந்தப் படத்தை எடுத்தபோது, அங்கே இருந்த யாருக்கும் அது தெரியாது. அவர் எடுத்துப் போன சில மணி நேரத்துக்கு அப்புறம்தான் அந்தக் கட்டடத்தின் வாசலிலேயே லெனன் சுடப்பட்டார். முதலில் எடுத்த படத்தைப் பார். சாவு அதன்மேல் ஏற்றியதை அப்புறம் பார். இரண்டையும் கலந்துவிட்டால் வடிவமைப்பைப் பற்றி நாம் ஒன்றுமே சொல்லாமல் போய்விடுவோம்.

எங்கள் காலத்தில் பக்கம் வடிவமைக்கும் லே-அவுட் மேசைக்கு ஒரு படம் வந்தால், முதலில் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்க்கச் சொல்வார்கள். முகம், பெயர் எல்லாம் கரைந்துபோய், கருப்பு எங்கே, வெளுப்பு எங்கே என்பது மட்டும் நிற்கும். இந்த அட்டையை அப்படிப் பார். தரை வெளிர் நிறம். அதன்மேல் யோகோவின் விரிந்த கூந்தலும் கருப்புச் சட்டையும் ஒரே கருப்புத் திட்டாகச் சேர்ந்துகொள்கின்றன. லெனனின் உடம்பு வெளிறி அந்தத் திட்டைச் சுற்றி வளைகிறது. மேலிருந்து கீழே பார்த்து எடுத்த படம் என்பதால் அடிவானம் இல்லை, சுவர் இல்லை, நாற்காலி இல்லை. கண் போய் உட்கார வேறு இடமே கிடையாது.

அப்புறம் கண்ணைத் திறந்து, யார் எங்கே பார்க்கிறார்கள் என்று பார். பத்திரிகை அட்டையில் இருக்கும் முகம் வாங்குபவரை நேராகப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பால பாடம். கடையில் கடந்து போகிறவரை அந்தப் பார்வைதான் நிறுத்தும். இங்கே லெனன் கண்ணை மூடி யோகோவின் கன்னத்தில் முத்தமிடுகிறார். யோகோ கண்ணைத் திறந்து வேறெங்கோ பார்க்கிறார். இரண்டு பேரில் ஒருவர்கூட நம்மைக் கவனிக்கவில்லை. நமக்காகப் போஸ் கொடுக்காத இரண்டு பேரை நாம் தெரியாமல் பார்த்துவிட்டது போல ஆகிவிடுகிறது. உனக்கு வந்த கூச்சம் பெரும்பாலும் இதனால்தான் என்று நினைக்கிறேன். ஆடை இல்லாதது இரண்டாவது காரணம்தான். கட்டுரையில் அதை அப்படியே எழுது. வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அந்த உடல் நிலையைக் கருவில் இருக்கும் குழந்தை என்று எழுதியிருக்கிறாய். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். கால் மடங்கியிருப்பது உண்மைதான், ஆனால் கருவில் இருக்கும் குழந்தை இன்னொருவரை இப்படிப் பற்றிக்கொள்வதில்லை. இவர் பற்றுகிறார். கை யோகோவின் தலையைச் சுற்றியிருக்கிறது, கால் அவர்மேல் ஏறியிருக்கிறது. எனக்கு அது கொழுகொம்பைப் பற்றிய கொடியாகத்தான் படுகிறது. நம் பாட்டுகளில் எப்போதும் பெண்தான் கொடி, ஆண்தான் கொம்பு. இங்கே அது தலைகீழ். யோகோ நேராகக் கிடக்கிறார், அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. உலகமே கொண்டாடிய பாடகர் சுருண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

இது எப்படி அமைந்தது என்பதையும் எழுது, ஏனென்றால் அதில் தொழில் இருக்கிறது. பத்திரிகையின் ஆசிரியர் யான் வென்னர் லெனனை மட்டும் தனியாக எடுத்து வரச் சொன்னார். லெனனோ, யோகோவும் அட்டையில் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். சில வாரங்களுக்கு முன் வந்திருந்த அவர்களுடைய இசைத்தட்டின் உறையில் இருவரும் முத்தமிடும் கருப்பு வெள்ளைப் படம் ஒன்று இருந்தது. கிஷின் ஷினோயாமா எடுத்தது. அதன் எளிமை லீபோவிட்ஸின் மனதில் இருந்தது. இருவரையும் ஆடையில்லாமல் எடுக்க நினைத்துத்தான் போனார். லெனன் உடனே ஒத்துக்கொண்டார். யோகோ தயங்கி, மேல்சட்டையை மட்டும் கழற்றுகிறேன் என்றார். லீபோவிட்ஸ், எதையும் கழற்ற வேண்டாம், அப்படியே இருங்கள் என்றுவிட்டார்.

இந்த இடத்தில் நின்று யோசி, பாப்பா. இருவரும் ஆடையில்லாமல் இருந்திருந்தால் அது அவர்களே முன்பு செய்ததன் மறுபதிப்பாகியிருக்கும். 1968 நவம்பரில் இதே பத்திரிகை, இதே இருவரும் ஆடையின்றிப் பின்பக்கம் காட்டி நிற்கும் படத்தை அட்டையில் போட்டிருக்கிறது. இருவரும் உடுத்தியிருந்தால் சாதாரணக் குடும்பப் படம். ஒருவர் மட்டும் என்றபோதுதான் அந்தக் கருப்பும் வெளுப்பும் பிறந்தன, அந்தக் கொடியும் கொம்பும் பிறந்தன. எதிரே இருப்பவர் வேண்டாம் என்றதை மதித்த அந்த நொடியில், அந்தத் தயக்கமே படத்தின் அமைப்பாக மாறியதைக் கண்டுகொண்ட கண் அது. அப்போது லீபோவிட்ஸுக்கு வயது 31. நீ பெரிய வேலை செய்யும் காலம் வரும்போது உனக்கும் அந்தக் கண் வாய்க்க வேண்டும் என்பது என் ஆசை.

நீ ஒரே வரியில் கடந்துபோன விஷயத்துக்கு வருகிறேன். அந்த அட்டையில் எழுத்து இல்லை. மேலே பத்திரிகையின் பெயர், கூடவே தேதி, விலை போன்ற பொடி விவரங்கள். அவ்வளவுதான். லெனன் பெயர்கூட இல்லை.

பத்திரிகைப் பெயர் ஏன் எப்போதும் உச்சியில் இருக்கிறது என்று உனக்குத் தெரியும். பெட்டிக்கடையில் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாலும் சரி, அமெரிக்கக் கடைகளில் அடுக்கில் செருகி வைத்தாலும் சரி, மேல்பகுதிதான் கண்ணில் படும். மிச்ச இடத்தில் எத்தனை தலைப்பைத் திணிக்கலாம் என்று விற்பனைப் பிரிவு எங்களோடு சண்டை போடும். படத்தின் வெற்று இடத்தைப் பார்த்தாலே, சும்மா கிடக்கிறதே, ஏதாவது போடுங்கள் என்பார்கள். அந்த இடம் சும்மா கிடக்கவில்லை என்று புரியவைக்க நான் பட்ட பாடு உனக்கும் தெரியும், நீ அப்போது சின்னப் பிள்ளை.

இந்த அட்டையில் தலைப்பு போடாமல் விட்டதற்குத் துணிச்சலோடு கணக்கும் இருக்கிறது. லெனன் இறந்த செய்தி அன்றிரவே தொலைக்காட்சியில் வந்துவிட்டது. இந்த இதழ் வாசகர் கைக்குப் போவதற்குள் நாளிதழ்களும் வாரப் பத்திரிகைகளும் எல்லாவற்றையும் எழுதித் தீர்த்திருந்தன. அப்போது இரு வாரத்துக்கு ஒரு முறை வந்துகொண்டிருந்த பத்திரிகைக்குச் செய்தி சொல்லும் வேலை மிச்சமில்லை. பார்ப்பவருக்குத் தெரியாத ஒரு சொல்லைக்கூட அந்த அட்டையில் எழுதியிருக்க முடியாது. அதோடு, லெனன்தான் 1967 நவம்பர் 9 தேதியிட்ட அந்தப் பத்திரிகையின் முதல் இதழிலும் இருந்தவர். ஒரு சினிமாப் படத்தில் சிப்பாய் வேஷத்தில், வட்டக் கண்ணாடியும் இரும்புத் தொப்பியுமாக. அந்த முதல் பக்கம் நாளிதழ் மாதிரி, செய்தியும் படமுமாக நிறைந்திருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வை. முகத்துக்கு அருகே பெயர் வேண்டியிருந்த காலம் ஒன்று, வேண்டாமல் போன நாள் ஒன்று.

இப்போது சாவைப் பற்றி எழுதலாம். மேலே சொன்னதையெல்லாம் முடித்துவிட்டு எழுது. அன்று மாலை வரை அன்பாக இருந்த அந்தப் பிடி, அந்த இரவுக்கு அப்புறம் விட்டுப் போக மறுக்கும் பிடியாக மாறியது. யோகோவின் எங்கோ போன பார்வை, தனியாகிவிட்டவரின் பார்வையாக மாறியது. படத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. பார்க்கிற நாம் மாறினோம். 2005ல் அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர்கள் சங்கம் நாற்பது ஆண்டு அட்டைகளில் இதற்கு முதல் இடம் கொடுத்தபோது, படத்துக்கு எவ்வளவு, அந்த இரவுக்கு எவ்வளவு என்று பிரிக்க முடியுமா என்று நீ கேட்கலாம். இரண்டாவது இடமும் லீபோவிட்ஸின் படத்துக்கே கிடைத்தது என்பதையும் சேர்த்துக்கொள். அவர் கையை மட்டும் வைத்து எடை போட அது உதவும்.

அச்சு பற்றி ஒரு வரி எழுதினால் உன் ஆசிரியர் நிமிர்ந்து உட்காருவார். வெளிறிய தோல், அதன் பக்கத்திலேயே வெளிர் தரை. நாலு கலர் மையில் அச்சடிக்கும்போது இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவது கஷ்டம். மஞ்சள் கொஞ்சம் கூடினாலும் உடம்பு தரையோடு ஒட்டிவிடும். கருப்பு மை அதிகமானால் கூந்தலும் சட்டையும் தார் பூசியது போல ஒன்றாகிவிடும்.

சனிக்கிழமைக்குள் ஒன்று செய்து பார். அந்தப் படத்தின்மேல் வழக்கமான அட்டை போல நீயே நாலு தலைப்பு வை, பெரிய எழுத்தில் அவர் பெயர், பிறந்த வருஷம், இறந்த வருஷம் எல்லாம். அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வா. ஒவ்வொரு நிலையையும் அச்செடுத்து வகுப்பில் வரிசையாக ஒட்டிக் காட்டு. பேச்சு பாதியாகக் குறையும், கூச்சமும் குறையும். திருத்திய கட்டுரையை எனக்கும் அனுப்பு. அம்மாவுக்கும் படித்துக் காட்ட வேண்டும், அந்த அட்டையைப் பற்றி அவளுக்கும் சொல்ல நிறைய இருக்கிறதாம்.

அன்புடன்,
அப்பா