தாய்மார்களுக்கு ஒரு கணக்கு வகுப்பு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வரும் சனிக்கிழமை முதல் வாரந்தோறும் பிற்பகல் 3 மணிக்கு நம் பள்ளியில் தாய்மார்களுக்குப் பணக் கணக்கு வகுப்பு நடத்தப்போகிறோம். பாட்டிகள், அத்தைமார்கள், யார் வேண்டுமானாலும் வரலாம். கட்டணம் கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கட்டாயம் வாருங்கள், அவர்களை நினைத்துத்தான் இதைத் தொடங்குகிறோம்.

பள்ளிக்கூடத்துக்கு எதற்கு இந்த வேலை என்று சிலர் கேட்டீர்கள். அம்மாவோடு பேங்குக்குப் போய்ச் செலான் நிரப்பித் தருவதற்காக ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அரை நாள் லீவு கேட்கிறார்கள். குழு லோன் டியூ கட்ட முடியாத வாரத்தில் வீட்டில் என்ன நடக்கிறது என்பது மறுநாள் பிள்ளைகளின் முகத்திலேயே தெரிகிறது. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் முளைவிட்டது நம் தருமபுரி மாவட்டத்தில்தான். சங்கம் வைத்துப் பணம் சேர்க்க நம் ஊர்ப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடன் கொடுப்பவர் போடும் கணக்கு மட்டும்தான் இன்னும் பிடிபடவில்லை.

ஒரு கணக்கை இங்கேயே பார்த்துவிடுவோம். 30,000 ரூபாய் கடன், இரண்டு வட்டி (நூற்றுக்கு மாதம் 2 ரூபாய்), 12 மாதத் தவணை. முழுத் தொகைக்கும் கடைசி வரை வட்டி போட்டால் மாதம் 3,100 ரூபாய். வட்டி மட்டும் 7,200. அதே இரண்டு வட்டியை, கட்டக் கட்டக் குறையும் பாக்கிக்கு மட்டும் போட்டால் தவணை சுமார் 2,837 ரூபாய்தான். மொத்த வட்டி 4,040-ஐ ஒட்டி நிற்கும். சொன்ன வட்டி ஒன்றுதான், கையைவிட்டுப் போகும் பணத்தில் மூவாயிரத்துக்கு மேல் வித்தியாசம். "எத்தனை வட்டி?" என்பதோடு நிறுத்தாமல், "எதற்கு வட்டி?" என்றும் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு விதிப்படி, மைக்ரோ ஃபைனான்ஸ் (ஈடில்லாச் சிறுகடன்) கடன் அட்டை, அதாவது லோன் கார்டு, உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். முன்கூட்டியே கட்டி முடித்தால் அபராதம் கேட்கக் கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் டியூ கேட்டு போன் செய்யக் கூடாது. நம் தெருக்களில் இது எவ்வளவு தூரம் மீறப்படுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். புகார் எப்படி எழுதுவது என்பதற்கே ஒரு வாரம் ஒதுக்கியிருக்கிறோம்.

பாஸ்புக்கையும் சேர்ந்து படிப்போம். ஆண்டுக்கு ஒருமுறை 20 ரூபாய் கழிந்திருந்தால், அது பெரும்பாலும் 2 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீட்டுக்கான பிரீமியமாக இருக்கும். காப்பீடு இருப்பதே தெரியாததால் பணம் கேட்காமல் விட்ட குடும்பங்கள் உண்டு. அது எனக்கு மிகவும் வேதனை தருகிறது.

ஏடிஎம் அட்டையின் உறையில் பின் நம்பரை எழுதி வைத்திருப்பவர்கள் இன்றே அழித்துவிடுங்கள். போனில் பணம் வாங்க ரகசிய பின் (PIN) நம்பர் தேவையே இல்லை. கேட்டால் ஏமாற்றுகிறார்கள் என்று அர்த்தம். பணம் பறிபோனால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு போன் செய்யுங்கள்.

அப்பாக்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த ஒரு மணி நேரம் வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். மகளிர் உரிமைத் தொகை தாய்மார்கள் பெயருக்குத்தான் வருகிறது. அதை எடுக்கவும் செலவழிக்கவும் அவர்களுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

பாஸ்புக், கடன் அட்டை இரண்டையும் எடுத்து வாருங்கள். கடன் விவரத்தை மற்றவர் முன்னால் சொல்ல வேண்டியதில்லை. கணக்கு டீச்சர் தனியாக உட்கார்ந்து பார்த்துத் தருவார். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள சத்துணவுக் கூடத்தில் ஏற்பாடு செய்திருக்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியை