கதிர்காமப் பாதையில் எங்களைத் தாங்கியவர்களுக்கு

அன்பான உறவுகளுக்கு வணக்கம்.

கதிர்காமக் கந்தனின் ஆடித் திருவிழாவுக்காகக் மட்டக்களப்புக் களுதாவளையிலிருந்து நடந்துபோன எங்கள் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். அதிலும் ஐம்பதைத் தாண்டிய மாமிமாரும் பெரியம்மாமாரும்தான் கூட. கொடியேற்றத்துக்கு முன்னமே எல்லாரும் சுகமாகப் போய்ச் சேர்ந்து, மாணிக்க கங்கையில் முழுகி, முருகனைக் கும்பிட்டு வீடு திரும்பிவிட்டோம். வழியில் உதவியவர்களின் பெயரை நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் எங்கள் பெயரைக் கேட்கவில்லை. நடக்கிறவர்கள் எல்லாருக்கும் அங்கே ஒரே பெயர், சாமி. ஆகவே ஊர் ஊராகத்தான் நன்றி சொல்ல முடிகிறது.

அன்னதானம் தந்த கோயில்களுக்கும் சங்கங்களுக்கும் முதல் நன்றி. பாண்டிருப்பு தொடக்கம் திருக்கோவில் வரை ஒருவேளைகூடப் பசியோடு படுக்கவில்லை. சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, காலையில் கஞ்சி. யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியிலிருந்து வேலோடு வந்த சாமிமாரும் எங்களோடு ஒரே பந்தியில் இருந்து சாப்பிட்டார்கள்.

ஆனால் நான் இந்த மடலை எழுத உட்கார்ந்ததே வேறொரு உதவிக்காக. அதைப் பற்றி யாரும் மேடையில் பேசுவதில்லை. வீதியோரத்து வீட்டுப் பெண்கள் தங்கள் கிணற்றடியையும் கழிவறையையும் எங்களுக்குத் திறந்துவிட்டார்களே, அதைச் சொல்கிறேன். ஆண்கள் பொதுக்கிணற்றில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு நடந்துவிடுவார்கள். பெண்களுக்கு அது முடியுமா? போக இடம் கிடைக்காதே என்ற பயத்தில் தண்ணீர் குடிக்காமல் நடக்கிறவர்கள் எங்கள் குழுவிலும் இருந்தார்கள். கச்சான் என்கிற வறண்ட சூட்டுக் காற்று அடிக்கிற காலத்தில் அப்படி நடந்தால் மயங்கித்தான் விழவேண்டும்.

தம்பிலுவிலில் ஓர் அக்கா எங்களைப் படலையில் கண்டதுமே, "சாமிமார் உள்ளுக்கு வாங்க, கிணற்றடிக்கு மறைப்புக் கட்டியிருக்கு, ஆறுதலாக் குளிங்க" என்றார். தென்னோலைக் கிடுகால் மறைப்பு, கொடியில் துவைத்த சேலைகள், வாளி, சவர்க்காரம் எல்லாம் ஆயத்தம். மாதவிலக்கு வந்துவிட்ட ஒரு தங்கச்சியைத் தனியாகக் கூப்பிட்டு, வேண்டியதைப் பொதி கட்டிக் கையில் கொடுத்தவரும் அவர்தான். அவள் அழுதுவிட்டாள். அக்கா, உங்களைப் போலவே தாண்டியடியிலும் கோமாரியிலும் கதவைத் திறந்துவைத்த எல்லா வீட்டாருக்கும் எங்கள் கும்பிடு.

அப்புறம் மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் முஸ்லிம் உறவுகளுக்கு. கடை வாசலில் தண்ணீர்ப் போத்தலோடு நின்ற பிள்ளைகளை மறக்க முடியாது. நிழலில் கதிரை போட்டு எங்கள் பெரியம்மாவை இருத்தி, "மெதுவாப் போங்க உம்மா, வெயில் சாயட்டும்" என்று எலுமிச்சைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்த ராத்தா, நீங்கள் நல்லாயிருக்க வேண்டும்.

திருக்கோவில் சித்திர வேலாயுத சுவாமி கோயிலில் படுத்த இரவு, தாதித் தம்பி ஒருவர் கடமை முடிந்து வந்து எல்லாருடைய பாதத்தையும் வெளிச்சம் பிடித்துப் பார்த்தார். கொப்புளத்தைக் கிழிக்காதீர்கள், சுத்தமாகக் கழுவித் துணி சுற்றுங்கள், நீரிழிவு உள்ளவர்கள் கட்டாயம் செருப்பைப் போடுங்கள் என்று ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொன்னார். வெறுங்காலோடுதான் நடப்பேன் என்று நேர்த்தி வைத்திருந்த மாமியே அவர் சொல்லுக்குச் செருப்பைப் போட்டார். அந்தக் கால் இன்று நல்ல சுகம் தம்பி.

பாணமையில் தமிழும் சிங்களமும் கலந்து பேசும் ஓர் அம்மா கொத்தமல்லி அவித்துக் கருப்பட்டித் துண்டோடு தந்தார். உகந்தையில் மலையடிவாரத்தில் தங்கிவிட்டுக் காட்டுக்குள் இறங்கினோம். குமண வனப் பூங்காவின் வாசலை ஆண்டில் சில நாட்கள்தான் யாத்திரைக்காரருக்குத் திறக்கிறார்கள். உள்ளே கடை இல்லை, வீடு இல்லை, யானையும் கரடியும் உள்ள காடு. அங்கே பவுசர் வண்டியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிய தொண்டர்கள், படையினர், வனசீவராசிகள் உத்தியோகத்தர்கள் எல்லாரையும் நினைக்கிறோம். குமுக்கன் ஆற்றங்கரையில் மருதமர நிழலில் இளைப்பாறியபோது, முன்பின் தெரியாத பொடியன்மார் மணலில் ஊற்றுத் தோண்டி, முதல் ஊறிய கலங்கலை இறைத்துவிட்டுத் தெளிந்த நீரைத்தான் எங்கள் குடத்தில் நிரப்பினார்கள். தூக்க முடியாமல் நாங்கள் தடுமாறிய மூட்டைகளையும் ஆறு கடக்கும்வரை அவர்களே சுமந்தார்கள்.

காட்டுக்குள் எறிந்து கிடந்த போத்தல்களையும் பொலித்தீனையும் சாக்கில் பொறுக்கிக்கொண்டே நடந்த இளைஞர் குழுவுக்கும் நன்றி. யாத்திரைக்குப் போகிற நாங்கள்தான் அந்தக் குப்பையைப் போடுகிறோம். வரும் ஆண்டு எங்கள் குழுவில் எல்லாரும் உலோகப் போத்தல்தான் கொண்டுபோவதாகத் தீர்மானித்திருக்கிறோம், சாக்கும் கொண்டுவருவோம்.

இன்னொன்று. மட்டக்களப்பு மாமாங்கம் கோயில் பக்கமிருந்து கதிர்காமத்துக்கு நடந்து வருகிற பெண்கள் களுதாவளையில் தங்க யோசிக்க வேண்டாம். பிள்ளையார் கோயிலடிக்கு வந்து விசாரியுங்கள், எங்கள் குழுவில் யாராவது வந்து கூட்டிப்போவார்கள். எங்கள் வளவுகளில் கிணற்றடிக்கு இப்போதே மறைப்புக் கட்டத் தொடங்கிவிட்டோம்.

அரோகரா.

களுதாவளைப் பாதயாத்திரைப் பெண்கள் சார்பில்