முகம் இல்லாமல் வரைந்து பார்

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு நாவலைப் படித்து நீ வரைந்து அனுப்பிய ஓவியங்களைப் பார்த்தேன். கை நன்றாகப் பழகிவிட்டது. கோட்டில் பழைய தயக்கம் இல்லை. ஆனால் நீ பாராட்டுக்காக அனுப்பவில்லை என்று தெரியும். “படிக்கும்போது மனசில் வருவது ஒன்று, தாளில் வருவது வேறொன்று, ஏன்மா?” என்று கேட்டிருந்தாய். போனில் பேசினால் பாதியில் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ சொன்னாய் என்றுதான் அந்த நாவலை நானும் படித்தேன். முடித்த கையோடு உன் ஓவியங்களை மறுபடி எடுத்துப் பார்த்தபோது ஒன்று பட்டது. கதையில் எதெல்லாம் பெரிய சம்பவமோ அதையெல்லாம் வரைந்திருக்கிறாய். கல்யாணம், சண்டை, ரயில் நிலையத்தில் பிரிகிற காட்சி. எல்லாவற்றிலும் அந்தப் பெண்ணின் முகம் நடுவில். அழகான முகம்தான். ஆனால் நாவலாசிரியர் அவள் முகத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை, கவனித்தாயா? கையை எழுதுகிறார், நடையை எழுதுகிறார், கோபம் வந்தால் அவள் பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தத்தை எழுதுகிறார். முகத்தை நம்மிடம் விட்டுவிட்டார். நீ அந்த இடத்தில் எங்கோ பார்த்த ஒரு முகத்தைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாய். படம் நாவலோடு ஒட்டாமல் நிற்பது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

பத்திரிகைத் தொடர்கதைக்கு வரைகிறவர்கள் முகம் வரையாமல் இருக்க முடியாது. 1950-இல் ‘கல்கி’யில் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கியபோது ஓவியர் மணியம் வரைந்த வந்தியத்தேவனும் குந்தவையும் நந்தினியும்தான் இன்றைக்கும் பலர் மனசில் அந்தப் பாத்திரங்களாக இருக்கிறார்கள். அது அவர் திறமை. வாராவாரம் இதழைப் பிரிக்கிற வாசகருக்கு ஆள் யார் என்று பார்த்ததும் தெரிய வேண்டும், அங்கே அதுதான் வேலை. உனக்கு அந்த வேலை இல்லை. நீ யாருக்கும் யாரையும் அடையாளம் காட்ட வேண்டாம். உன் சுவருக்கு, உனக்காக வரைகிறாய்.

இதை எழுதும்போது எழுத்தாளர் காஃப்கா ஞாபகம் வருகிறது. 1915-இல் அவருடைய ‘உருமாற்றம்’, ஒருவன் பூச்சியாக மாறிவிடுகிற கதை, புத்தகமாக வர இருந்தது. ஓட்டோமார் ஸ்டார்க்கே என்ற ஓவியர் அட்டைப்படம் வரையப்போகிறார் என்று தெரிந்ததும் காஃப்கா கலங்கிப்போய்ப் பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினார். அந்தப் பூச்சியை மட்டும் வரைய வேண்டாம், தூரத்தில் தெரிவதுபோல்கூட வேண்டாம் என்று. அதற்குப் பதில் என்ன வரையலாம் என்றும் அவரே சொன்னார்: வெளிச்சமான அறையில் பெற்றோரும் தங்கையும் இருக்கட்டும், பக்கத்து இருட்டறையின் கதவு திறந்து கிடக்கட்டும். கடைசியில் அட்டையில் வந்தது, முகத்தைக் கைகளால் மூடிக்கொண்ட ஒரு மனிதன். அவன் பின்னால் திறந்த கதவு, உள்ளே கும்மிருட்டு. கதையே பூச்சியைப் பற்றியது, அட்டையில் பூச்சி இல்லை! படித்தவர்களுக்கு அந்தக் கதவு போதும்.

உன் நாவலில் அப்படி ஒரு கதவு எது என்று நீதான் தேட வேண்டும். பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு முறை படி. கதைக்காக வேண்டாம், கதைதான் தெரியுமே. பொருள், வெளிச்சம், நிறம், சத்தம் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் கோடு போடு. ஆசிரியர் எதை விடாமல் திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்று பார். எனக்குத் தங்கிப்போனது அந்தத் தையல் மிஷின். முதல் பாதி முழுக்க அது ஓடிக்கொண்டே இருக்கிறது. சண்டை நடந்தாலும் ஓடுகிறது, விருந்தாளி வந்தாலும் ஓடுகிறது. ரயில் நிலையத்தில் பிரிந்து அவன் போன பிறகு அது ஓடியதாக ஒரு இடத்திலும் இல்லை. நின்றுபோனது என்றும் அவர் எழுதவில்லை, அதுதான் கெட்டிக்காரத்தனம். நான் வரைவதாக இருந்தால், ஊசிக்கடியில் பாதி தைத்த துணியோடு மிஷினை மட்டும் வரைவேன், ஆளே வேண்டாம். ஆனால் அது எனக்குத் தோன்றியது. உனக்கு அந்த மாடிப்படியாக இருக்கலாம், பிரிக்காத கடிதமாக இருக்கலாம். என் மிஷினை அப்படியே எடுத்து வரைந்து அனுப்பினால் அடி விழும், சொல்லிவிட்டேன்.

எது என்று முடிவானதும் உடனே பெரிய தாளுக்குப் போகாதே. தீப்பெட்டி அளவுக்குக் கட்டங்கள் போட்டு அதற்குள் கிறுக்கிப் பார். அந்த அளவில் விவரம் எதுவும் வரைய முடியாது. எங்கே இருட்டு, எங்கே வெளிச்சம் என்பது மட்டும்தான் நிற்கும். கட்டத்திலேயே சுவாரசியமாக இல்லாதது பெரிய தாளில் தானாகச் சரியாகிவிடாது.

நிறம் பற்றிக் கொஞ்சம் கறாராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாவலில் பாதி நாள் மழை, மீதி நாள் மேகமூட்டம். உன் படங்களில் டப்பாவில் இருக்கிற எல்லா நிறமும் இருக்கிறது. இரண்டு மூன்றோடு நிறுத்து. அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் மட்டும் இருந்தாலே சாம்பலில் எத்தனையோ வகை கிடைக்கும், கிட்டத்தட்டக் கறுப்பு வரைக்கும் போகலாம். கூட வேண்டுமானால் ஒரு மஞ்சள், அதுவும் ஒரே இடத்தில்.

தாளில் மிச்சம் பிடிக்காதே. மெல்லிய தாள் தண்ணீர் பட்டதும் அலை அலையாக எழும்பிவிடும். 300 ஜிஎஸ்எம் கனமுள்ள வாட்டர் கலர் தாள், அமிலமில்லாததாகப் பார்த்து வாங்கு. இங்க்கில் கோடு போட்டு மேலே வண்ணம் தருவதென்றால் தண்ணீரில் கரையாத பிக்மென்ட் இங்க்தான் சரி, அதையும் நன்றாகக் காயவிட வேண்டும்.

நான் முறையாகப் படம் கற்கவில்லையே என்று வேறு எழுதியிருக்கிறாய். மாட் கிஷ் என்ற அமெரிக்கர், நூலகத்தில் வேலை பார்த்தவர், ஓவியப் பள்ளிக்கே போகாதவர். அவருக்கு ‘மோபி டிக்’ நாவல் என்றால் உயிர். தன்னிடமிருந்த பதிப்பில் 552 பக்கம். பக்கத்துக்கு ஒரு படம் என்று 2009-இல் ஆரம்பித்து முழுவதையும் வரைந்து முடித்தார். 2011-இல் அது புத்தகமாகவே வந்தது. பல படங்களை வெள்ளைத் தாளில் வரையவில்லை, பழைய புத்தகங்களிலிருந்து எடுத்த, ஏற்கெனவே ஏதோ அச்சான பக்கங்களின் மேல் வரைந்தார். உன்னை 552 வரையச் சொல்லவில்லை, பயப்படாதே. பக்கத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் ‘முக்கியமான காட்சி’ என்ற கவலையே போய்விடுகிறது பார், அதற்காகச் சொன்னேன். ஒரே ஒரு அத்தியாயத்தில் அப்படிச் செய்து பார்க்கலாமே.

இன்னொரு வழியும் இருக்கிறது. டாம் ஃபிலிப்ஸ் என்ற இங்கிலாந்து ஓவியர் 1966-இல், 1892-இல் வெளிவந்த ஒரு பழைய நாவலை மூன்று பென்ஸுக்கு வாங்கி, அதன் பக்கங்களின் மேலேயே வண்ணம் தீட்ட ஆரம்பித்தார். சில சொற்களை மட்டும் மூடாமல் விடுவார். விட்ட சொற்கள் சேர்ந்து வேறொரு கதை ஆகும். கடைசிப் பதிப்பு 2016-இல் வந்தது. ஐம்பது வருஷம் ஒரே புத்தகத்தோடு! உனக்கு இது பிடிக்கும் என்று தோன்றுகிறது. ஆனால் நீ அடிக்கோடு போட்டு வைத்திருக்கிற பிரதியில் கை வைக்காதே. பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொள். ஜெராக்ஸ் எழுத்து ஈரத்தில் அவ்வளவாகக் கலையாது, சாதாரண இங்க்ஜெட் பிரிண்ட் பல நேரம் கரைந்து ஓடிவிடும்.

உன் சிநேகிதர்கள் பிரிண்ட் போட்டு விற்கச் சொல்கிறார்களாமே. வீட்டுச் சுவரில் மாட்டுவதை யாரும் கேட்கப்போவதில்லை, விற்பது வேறு கணக்கு. ஆசிரியர் உயிரோடு இருக்கிறார், உரிமை அவருடையது. இறந்த பிறகும் குறைந்தது 50 ஆண்டு என்கிறது பதிப்புரிமைக்கான பெர்ன் உடன்படிக்கை. பல நாடுகளில் 60, 70 என்று நீளும். முக்கியமாக, அவர் வாக்கியங்களைப் படத்தில் எழுதி விற்பதற்கு முன் பதிப்பகத்துக்கு எழுதிக் கேட்டுவிடு. கேட்டால் கொடுத்துவிடுவார்கள் என்று சொல்லவில்லை, கேட்பதுதான் மரியாதை.

அடுத்த தடவை முடித்த படம் அனுப்ப வேண்டாம். அந்தத் தீப்பெட்டிக் கட்டங்களை அனுப்பு, கிறுக்கலாக இருந்தாலும் சரி. அப்புறம், அப்பாவும் அந்த நாவலைக் கேட்கிறார். தையல் மிஷின் வருகிற இடங்களை எல்லாம் இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் தருவேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா