பச்சை மைக் கையெழுத்து

உ
சிவமயம்

காரைக்குடி

அன்பு மகளுக்கு அப்பச்சி எழுதுவது. இங்கே நானும் ஆத்தாவும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பயலும் நலமாக இருக்கிறீர்களா? முத்துமாரியம்மன் கோயில் பால்குடம் நல்லபடியாக முடிந்தது. வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது.

நேற்று ராத்திரி நீ போனில் கேட்டதற்கு "பார்ப்போம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பதில் இல்லை. படுத்தும் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். போனில் பேசினால் ஒன்று சொல்ல வந்து வேறொன்று சொல்லிவிடுவேன்.

தேர்தல் டூட்டியை ரத்து செய்ய யாரையாவது பார்க்க முடியுமா என்று கேட்டாய். என்னோடு வேலை பார்த்தவர்கள் சிலர் இன்னும் அலுவலகங்களில் இருக்கிறார்கள். கேட்டால் முகத்தை முறிக்க மாட்டார்கள். ஆனாலும் நான் கேட்கப்போவதில்லை. உனக்கு உடம்பு சரியில்லை என்றாலோ, பயல் கைக்குழந்தையாக இருந்தாலோ நானே மனு எழுதிக் கொடுத்திருப்பேன். அவனுக்கு நாலு வயது ஆகிவிட்டது, நீயும் நன்றாகத்தான் இருக்கிறாய். எடுத்த எடுப்பிலேயே வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் போட்டுவிட்டார்களே என்ற பயம்தான் உனக்கு. அந்தப் பயம் நியாயமானது. எனக்கும் இருந்தது. அதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

2001 தேர்தலில்தான் தமிழ்நாடு முழுக்க எல்லாத் தொகுதியிலும் மின்னணு இயந்திரம் வந்தது. அதற்கு முன்பு வாக்குச்சீட்டும் ரப்பர் முத்திரையும்தான். 1996ல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். அங்கே வாக்குச்சீட்டு ஒரு புத்தகம் போல இருந்தது. அந்த பூத்களில் டூட்டி பார்த்த ஆசிரியர்களை நினைத்து நாங்கள் இங்கே பெருமூச்சு விட்டோம். அதனால் இயந்திரம் வந்ததும் எல்லோருக்கும் நிம்மதி. பொத்தானை அமுக்கினால் முடிந்தது, மனிதன் தப்பு செய்ய இனி இடமில்லை என்று நானும் நம்பினேன்.

2011ல் அந்த நம்பிக்கை போயிற்று. இதை உன்னிடம் சொன்னதே இல்லை.

அந்த வருஷம் ஏப்ரல் 13 வாக்குப்பதிவு. மானாமதுரைத் தொகுதியில் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளி, நான் தலைமை அலுவலர். மதியம் ஒன்றரை மணி இருக்கும். கூட்டம் குறைந்திருந்தது. கட்டிக் கொண்டுபோன புளியோதரையைப் பிரித்து ஒரு வாய் வைத்தேன். ஓர் அம்மா கைக்குழந்தையோடு வந்தார். பெயர் வாசித்தார்கள், மை வைத்தார்கள், பதிவேட்டில் கைநாட்டு வாங்கினார்கள். அவர் அட்டை மறைப்புக்குப் பின்னால் போகும்போது குழந்தை வீறிட்டு அழுதது. வெளியே நின்ற மாமியார் கூப்பிட்டார். அந்த அம்மா திரும்பி வந்து நேராக வாசலைத் தாண்டிப் போய்விட்டார். அடுத்தவர் உள்ளே போனார், பீப் என்று நீளமாகச் சத்தம் கேட்டது. வேலை நடந்துகொண்டே இருந்தது.

சாயங்காலம் இயந்திரத்தை மூடி மொத்தத்தைப் பார்த்தால் 611. பதிவேட்டில் 612. ஒன்று குறைகிறது.

ஒன்றுதானே என்று தோன்றும். அந்த ஒன்றுக்காக இரண்டு மணி நேரம் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினோம். வேட்பாளர்களின் ஏஜென்ட்டுகள் இருவரும் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொருவருக்கும் இயந்திரத்தில் ஓட்டைத் திறந்துவிடுகிற மூன்றாம் அலுவலர் சின்னப் பையன், அவன் கை நடுங்கியது. கடைசியில் எனக்கு அந்தக் குழந்தையின் அழுகை ஞாபகம் வந்தது. அந்த அம்மா பொத்தானை அமுக்கவில்லை. அவருக்குத் திறந்துவிட்ட ஓட்டைத்தான் அடுத்தவர் போட்டிருக்கிறார். ஒருவர் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓட்டுப் போடாமல் போனால் அந்த வரிசையிலேயே குறிப்பு எழுத வேண்டும் என்பது விதி. பயிற்சி வகுப்பில் மூன்று தடவை சொன்னார்கள். நான் சோற்றில் கை வைத்திருந்தேன்.

நடந்ததை நடந்தபடியே நாட்குறிப்பில் எழுதினேன். பதிவான ஓட்டுகளின் கணக்கை எழுதும் 17சி படிவத்திலும் உள்ள எண்ணை உள்ளபடி எழுதினேன். மாற்றி எழுதிவிடலாம் என்று உடன் இருந்த ஒருவர் காதில் சொன்னார். "612 என்று போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?" நான் மாட்டேன் என்றேன். ஏஜென்ட்டுகளுக்குப் பிரதி கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். லாரி வந்து ஏறும்போது மணி பதினொன்றரை.

வாக்கு எண்ணிக்கை மே 13. முழுதாக ஒரு மாதம். அந்த ஒரு மாதமும் எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் ஆத்தா சர்க்கரை ஏறிவிட்டதோ என்று பயந்து ரத்தம் சோதிக்கக் கூட்டிப்போனாள். எண்ணிக்கையன்று என் பூத்தில் என்ன நடந்தது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. வித்தியாசம் ஆயிரக்கணக்கில் இருந்தது, அந்த ஒரு ஓட்டு எதையும் மாற்றவில்லை. ஆனால் அது ஏப்ரலில் எனக்குத் தெரியாது. பூத்தில் உட்கார்ந்திருக்கும்போது யாருக்கும் தெரியாது.

2021 முடிவுகள் வந்த மே 2 அன்று நீ இங்கேதான் இருந்தாய். கொரோனாவால் வீட்டைப் பூட்டிக்கொண்டு டிவி பார்த்தோம். 234ல் திமுக 133, அதிமுக 66 என்று எல்லோரும் பெரிய எண்களையே பேசிக்கொண்டிருந்தார்கள். நான் எந்தத் தொகுதியில் எத்தனை ஓட்டு வித்தியாசம் என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருக்கிற திருமயத்தில் 1,382. தென்காசியில் 370. மொடக்குறிச்சியில், 1996ல் அந்த 1,033 பேரில் ஜெயித்த சுப்புலட்சுமி ஜெகதீசன் இந்த முறை 281 ஓட்டில் தோற்றார். தியாகராய நகரில் வித்தியாசம் வெறும் 137. அந்தத் தொகுதியில் எத்தனை பூத் இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார். ஒரு பூத்துக்கு ஒரு ஓட்டுக்கூட வரவில்லை. என் 611ம் 612ம் அப்படி ஒரு தொகுதியில் நடந்திருந்தால்?

இன்னொன்று இருக்கிறது. அதுதான் எனக்கு அதிகமாக வலிக்கிறது.

நான் பச்சை மைப் பேனாவில் கையெழுத்துப் போடுவதைச் சின்ன வயதில் பக்கத்தில் நின்று பார்ப்பாய். தலைமையாசிரியரானதும் கல்லுக்கட்டிப் பக்கம் கடையில் வாங்கிய பேனா அது. 2016 தேர்தலில் நம் பள்ளி ஆசிரியர்கள் 6 பேர் தபால் ஓட்டு உறுதிமொழிப் படிவம், 13ஏ, கொண்டுவந்து சான்றொப்பம் கேட்டார்கள். டூட்டிக்குப் போகிறவர்களின் ஓட்டு தபாலில்தானே. ஆறிலும் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்திக் கொடுத்தேன்.

அந்தத் தேர்தலில் ராதாபுரத்தில் திமுக வேட்பாளர் அப்பாவு 49 ஓட்டில் தோற்றதாக அறிவித்தார்கள். வழக்குப் போனது. 203 தபால் ஓட்டுகளை எண்ணாமல் ஒதுக்கியிருந்தார்கள். காரணம் என்ன தெரியுமா? சான்றொப்பமிட்டவர் பள்ளித் தலைமையாசிரியர், அது செல்லாது என்றார்கள். உயர் நீதிமன்றம் அப்படி ஒதுக்கியது சரியில்லை என்றது. 2019 அக்டோபரில் நீதிமன்ற வளாகத்திலேயே அந்த ஓட்டுகளையும் கடைசி 3 சுற்றுகளையும் திரும்ப எண்ணினார்கள். எண்ணியதை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அதற்குள் அந்தச் சட்டமன்றத்தின் ஐந்து வருஷமும் கரைந்துவிட்டது. 2021ல் அதே தொகுதியில் அப்பாவு ஜெயித்துப் பேரவைத் தலைவரும் ஆனார், அது வேறு கதை. யார் ஜெயித்தால் என்ன என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த 203 பேரும் நம்மைப் போல ஊருக்கெல்லாம் ஓட்டுப்பெட்டி சுமந்தவர்கள். அவர்கள் ஓட்டுதான் எண்ணப்படாமல் கிடந்தது.

செய்தியைப் படித்த அன்று நம் பள்ளி ஆசிரியர்கள் 6 பேர் முகமும் வரிசையாக வந்து நின்றது. அவர்கள் ஓட்டு எண்ணப்பட்டதா, என் கையெழுத்தால் ஓரங்கட்டப்பட்டதா? கேட்டுத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. அந்தப் பேனா பட்டாலையில் பெட்டகத்துக்குள் கிடக்கிறது. அதற்கப்புறம் எடுக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், நீ போக வேண்டும். கவனமான ஒருத்தி அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். நீ கவனமானவள். நாலாம் வகுப்பிலேயே பெருக்கல் வாய்பாட்டை இரண்டு தடவை சரிபார்த்த பிள்ளை நீ. நீ ரத்து வாங்கினால் அந்த இடத்தில் வேறு யாரோ உட்காருவார், அவர் எப்படிப்பட்டவர் என்று நமக்குத் தெரியாது.

சில விஷயங்களை மறக்காதே. பயிற்சி வகுப்பில் பின் பெஞ்சில் உட்காராதே. போட்ட ஓட்டைச் சீட்டில் காட்டுகிற விவிபேட் இயந்திரம் என் காலத்தில் என் கைக்கு வரவில்லை, அதை நீதான் தொட்டுப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். காலையில் மாதிரி வாக்குப்பதிவில் குறைந்தது 50 ஓட்டுப் போட்டுப் பார்த்த பிறகு, குளோஸ், ரிசல்ட், கிளியர் மூன்று பொத்தானையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அமுக்கு. கிளியரை மறந்தவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும், அந்த 50ம் உண்மையான ஓட்டோடு கலந்துவிடும். மொத்தம் பூஜ்யம் என்று ஏஜென்ட்டுகள் கண்ணால் பார்க்கட்டும். விவிபேட்டில் விழுந்த மாதிரிச் சீட்டுகளையும் எடுத்துக் கறுப்பு உறையில் போட்டு ஒட்ட வேண்டுமாம்.

ஒவ்வொரு மணிக்கும் பதிவேட்டு எண்ணையும் இயந்திரத்தின் மொத்தத்தையும் ஒப்பிட்டுவிடு. நான் அதைச் செய்திருந்தால் இரண்டு மணிக்கே பிடித்திருப்பேன். பீப் சத்தம் கேட்காமல் அடுத்தவரை உள்ளே விடாதே என்று மூன்றாம் அலுவலரிடம் காலையிலேயே சொல்லிவிடு. நீ சாப்பிடும்போது உன் இடத்தில் இன்னொரு அலுவலரை உட்கார வைத்துவிட்டுச் சாப்பிடு. முடிகிற நேரத்தில் வரிசை நின்றால் கடைசியில் நிற்பவரிடமிருந்து சீட்டுக் கொடுத்துக்கொண்டு வா, அப்போதுதான் புதிதாக யாரும் பின்னால் சேர முடியாது.

17சி எழுதும்போது அவசரப்படாதே. எண்ணிலும் எழுத்திலும் எழுது. லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கும், அடிக்கட்டும். எண்ணிக்கையன்று உன் இயந்திரத்தை மேசையில் வைத்ததும் அவர்கள் முதலில் எடுத்துப் பார்ப்பது அந்தத் தாளைத்தான். எண் ஒத்துவரவில்லை என்றால் ஒளிக்காதே, காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போடு.

உன் ஓட்டையும் விட்டுவிடாதே. இப்போது பயிற்சி மையத்திலேயே தபால் ஓட்டுப் போட வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். முதல் நாளே போட்டுவிடு. சான்றொப்பம் போடுகிறவர் பெயர், பதவி, முத்திரை மூன்றும் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உறையை ஒட்ட வேண்டும்.

பயலைப் பற்றிக் கவலைப்படாதே. வாக்குப்பதிவுக்கு மூன்று நாள் முன்பே பல்லவன் ரயிலில் ஏறி விழுப்புரத்தில் இறங்கிவிடுகிறோம், இன்று காலையே டிக்கெட் போட்டுவிட்டேன். ஆத்தா சீப்புச் சீடைக்கு மாவு அரைக்கப் போயிருக்கிறாள். பூத்துக்கு எடுத்துப்போக மாவுருண்டையும் பிடிக்கிறாளாம். ராத்திரி பள்ளிக்கூடத்தில் கரண்ட் போனால் உதவும் என்று என் பழைய டார்ச்சையும் எடுத்து வைத்திருக்கிறேன். அதற்கு மூன்று பெரிய பேட்டரி வேண்டும், அதை மட்டும் நீ வாங்கி வைத்துவிடு.

அன்புடன்
அப்பச்சி