கண்ணகியின் கூந்தலில் உள்ள புள்ளிகள்

முள்ளியவளை

அன்புள்ள மகளுக்கு,

இங்கு யாவரும் நலம். உங்கள் நலத்துக்கும் அம்மாளாச்சியே துணை.

பாண்டியன் அவையில் கண்ணகி சிலம்பை உடைத்து வழக்குரைக்கும் காட்சியை உன் வீட்டுச் சுவருக்கென்று நீ கேட்டாயே, அந்த ஓவியத்தைச் சின்ன மாமா ஏறக்குறைய முடித்துவிட்டார். நான் கைத்தொலைபேசியில் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, திரைப்படத்தில் உள்ளதுபோல் இல்லையென்றும், நிறங்கள் மங்கலாக இருக்கின்றனவென்றும், கண்ணகியின் தலைமயிரில் வெள்ளைச் சாயம் தெறித்துவிட்டதென்றும் நீ சொன்னாய். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவரிடம் விளக்கம் கேட்டால் தூரிகை கழுவ வேண்டுமென்று கிணற்றடிக்கு எழுந்து போய்விடுவார் என்பதால், எனக்குத் தெரிந்ததை நானே எழுதுகிறேன்.

1964இல் வெளிவந்த ‘பூம்புகார்’ படத்தை, அது மறுபடியும் திரையிடப்பட்ட ஒரு காலத்தில், உன் அம்மப்பா எங்கள் இருவரையும் யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிச் சென்று காட்டினார். எஸ்.எஸ்.ராஜேந்திரன் கோவலனாகவும், விஜயகுமாரி கண்ணகியாகவும், கே.பி.சுந்தராம்பாள் கவுந்தியடிகளாகவும் நடித்த அந்தப் படத்துக்குக் கருணாநிதி எழுதிய வசனங்களை அப்போது பெரியவர்கள் மனப்பாடமாகச் சொல்லித் திரிந்தார்கள். அம்மப்பாவோ கோவலன் கூத்தில் பாண்டியனாக ஆடியவர். விடிய விடியப் பாடி ஆட வேண்டிய கதையை இவர்கள் இவ்வளவு விரைவாக முடித்துவிட்டார்களே என்பதுதான் அவருடைய ஒரே குறை. மாமா குறையொன்றும் சொல்லவில்லை. பரந்தனில் பேருந்து மாறக் காத்திருந்தபோது, சிலம்பிலிருந்து தெறித்த மணி என்ன நிறமென்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விதான் நீ மங்கல் என்று சொல்லும் நிறங்களுக்குக் காரணம். பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்துப் பரல், கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல். உடைந்த சிலம்பிலிருந்து சிவப்பு மணி தெறித்ததாலேயே கோவலன் கள்வனல்லன் என்பது அந்த அவையில் உறுதியாயிற்று. ஒரு மணியின் நிறத்தில் தங்கியிருக்கும் அந்த வழக்கை நாங்கள் பார்த்தது கறுப்பு வெள்ளைப் படத்தில். திரையில் எல்லாம் சாம்பல் நிறத்தின் ஏற்ற இறக்கங்களாகவே இருக்கும்போது, வசனத்தைக் கேட்டுத்தான் தீர்ப்பை அறிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஆகையால் மாமா தூண்களையும் அவையோரையும் அரியணையையும் கரியும் காவியும் வெள்ளையும் கொண்டே தீட்டியிருக்கிறார். சிலப்பதிகாரத்தில் உள்ளபடி அரசனின் வாயருகே தெறிக்கும் மாணிக்கத்திலும், தரையில் சிதறிக் கிடப்பவற்றிலும் அன்றி, அந்த ஆறடித் துணியில் வேறெங்கும் சிவப்பு இல்லை. கணவனை இழந்து வந்து நிற்பவளின் நெற்றியில் குங்குமம் இருக்காது என்பதால், அங்கேயும் அந்த நிறத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

தலைமயிரில் நீ கண்டது தெறித்த சாயம் அன்று. மதுரையை எரித்த பின் கண்ணகி ஒரு கிழவியாக நந்திக்கடலோரம் வந்து, மாடு மேய்த்த சிறுவர்களிடம் பசியென்று சொன்னதும், அவர்கள் பொங்கிக் கொடுத்ததும், விளக்குக்கு எண்ணெய் இல்லையென்றபோது கடல்நீரை விட்டு ஏற்றச் சொன்னதும் நீ சிறுவயதில் கேட்ட கதைதான். அதன் பிறகு தலையைப் பார்த்துவிடும்படி அவள் கேட்க, மயிரை விலக்கிப் பார்த்த சிறுவர்கள் அங்கே ஆயிரம் கண்களைக் கண்டார்கள். நீ பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியின் நடுவிலும் கருமணி இருப்பது தெரியும். திரைப்படத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசிப் பொங்கலுக்கு இன்றும் கடல்நீரில் விளக்கேற்றும் ஊரில் பிறந்த ஒருவர், விரித்த கூந்தலை வரையும்போது அந்தக் கண்களை எப்படி விட்டுவிடுவார்? பாண்டியன் பார்க்கத் தவறியதை அவள் அவையில் நின்றபோதே அத்தனை கண்களாலும் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தோன்றுகிறது. மாமா இதற்குச் சம்மதிப்பாரோ தெரியாது.

சிலம்பை உயர்த்திய கை அவர் மனத்தில் நின்ற திரைப்படத்துக் கை. முகத்தை மட்டும் நடிகையின் சாயலில் வரைய அவர் இசையவில்லை, நாம் கும்பிடுகிறவளுக்கு அது பொருந்தாது என்று. கூத்துக்கு அரிதாரம் பூசியதுபோல் அகன்ற கண்ணும் தடித்த புருவமும் வைத்திருக்கிறார். சற்று ஆண்முகமாகத் தோன்றினால் வியப்படையாதே. எங்கள் காலத்தில் கண்ணகிக்கு வேடம் கட்டியவர்கள் ஆண்கள்தாம். என் மனத்துக்குப் பிடிக்காதது அரசனின் முடி ஒன்றே. தலையை விடப் பெரிதாக அதை வரைந்திருக்கிறார். அம்மப்பா அணிந்த முடியும் அந்த அளவு இருந்ததென்று அவர் சாதிக்கிறார், எனக்கு அப்படி நினைவில்லை.

காடாத்துணிக்குக் கூழ் காய்ச்சித் தடவி, வெயிலில் உலர்த்தி, அதன்மேல் வெள்ளை பூசி வரைந்தது இது. முன்பு நிறத்தூளை வச்சிரப் பசையில் குழைத்தார். இப்போது வவுனியாக் கடையில் வாங்கும் சாயம்தான். மஞ்சள் தூளால் தீட்டினால் வெளிச்சத்தில் வெளிறிவிடும் என்பதால் அதைக் கைவிட்டுப் பல காலமாயிற்று. நாடகங்களுக்கென்று முன்பு அவர் எழுதிய திரைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்பது உனக்குத் தெரியும். கடைசியாக இருந்ததை 2009இல் தறப்பாள் கிடைக்காத நாட்களில் கூரையாகக் கட்டினோம், மழையில் அது கரைந்துபோயிற்று. ஆகவே இதைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைப்பதா, திரையைப்போல் தொங்கவிடுவதா என்று நீ யோசிப்பதானால், நேர் வெயிலும் ஈரமும் படாத சுவராக இருந்தால் தொங்கவிடலாம் என்பதே மாமாவின் விருப்பம். மடிக்காமல் உருளையில் சுற்றி, ஆடியில் வந்து திரும்பும் உன் சித்தப்பாவிடம் கொடுத்துவிடுகிறேன்.

கரை எழுதுவது மட்டும் மீதி இருக்கிறது. நான்கு விரல் அகலக் கரையா, எட்டு விரலா என்பதை உன் சுவரைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டுமாம். வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அதன் நீள அகலத்தை அளந்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா