வான்ஸ்டெட் மாளிகை கரைந்துபோகவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தில் மறைந்துபோன பிரபுக்களின் மாளிகைகள் குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரை, லண்டனுக்குக் கிழக்கே இருந்த வான்ஸ்டெட் மாளிகையை ‘காலவெள்ளத்தில் கரைந்துபோனது’ என்ற ஒற்றை வரியில் முடித்துவிட்டது. முப்பது ஆண்டுகளாகத் தங்கள் இதழைக் காசு கொடுத்து வாங்கிப் படித்துவரும் எனக்கு அந்த வரி மிகுந்த வேதனை அளித்தது.

260 அடி நீள முகப்பும் ஆறு பெருந்தூண்களும் கொண்ட அந்த மாளிகையை, காலன் கேம்பெல் என்ற கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில், 1715 முதல் எழுப்பினார்கள். 110 ஆண்டுகள் கழித்து அங்கே அது இல்லை. கல்லும் கூரையும் நன்றாக இருக்கும்போதே இடித்து விற்றுவிட்டார்கள். மாளிகையின் வாரிசான கேத்தரின் டில்னி-லாங் 1812இல் வில்லியம் வெல்லெஸ்லி-போல் என்பவரை மணந்தார். அந்தக் கணவர் பத்தே ஆண்டுகளில் கடனில் மூழ்கிக் கடன்காரர்களுக்கு அஞ்சி நாட்டை விட்டே ஓடினார். திருமண ஒப்பந்தத்தின்படி நிலம் வாரிசுகளுக்கு உரியது, அவரால் விற்க முடியாது. ஆகவே 1822இல் உள்ளே இருந்த பொருள்களை 32 நாள் ஏலம் விட்டார்கள். அதுவும் போதாமல், இடித்து எடுத்துக்கொள்ளும்படி கட்டடத்தையே 10,000 பவுண்டுக்குக் கொடுத்தார்கள். கேத்தரின் 1825இல் இறந்தார். இதில் காலவெள்ளம் எங்கே வந்தது?

கட்டுரையுடன் அச்சிட்ட புகைப்படத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839இல்தான். அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே தரைமட்டமாகிவிட்ட வீட்டின் புகைப்படம் எவரிடமும் இருக்க முடியாது. அந்த வீட்டின் உள்ளே குடும்பத்தார் கூடியிருப்பதை ஆங்கில ஓவியர் ஹோகார்த் வரைந்த ஓவியம் பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் இருப்பது தாங்கள் அறியாததல்ல. அதை வெளியிட்டிருக்கலாம்.

கடந்த ஆண்டு ஈஸ்ட்ஹாமில் உள்ள என் மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தபோது, வான்ஸ்டெட் பூங்காவுக்குப் பலமுறை நடந்து சென்றேன். மாளிகை நின்ற இடம் இன்று கோல்ஃப் மைதானம். புல் மூடிய பெரும் பள்ளம் ஒன்றுதான் அதன் அடையாளம். பழைய குதிரை லாயக் கட்டடத்தை கோல்ஃப் சங்கத்தார் பயன்படுத்துகிறார்கள். அருகிலுள்ள புனித மேரி ஆலயத்தில் சர் ஜோசையா சைல்டின் நினைவுச் சின்னம் இருக்கிறது. கட்டுரையாளர் ‘வணிகத்தில் சிறந்த குடும்பம்’ என்று எழுதிக் கடந்துபோனது இவருடைய குடும்பத்தைத்தான். கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னராக லண்டனில் அமர்ந்து ஆணையிட்டவர் அவர். வான்ஸ்டெட் எஸ்டேட்டை 1673இல் வாங்கினார். அங்கே மாளிகை எழுப்பியவர் அவர் மகன் ரிச்சர்ட்.

இதே ஜோசையா சைல்டுதான் சென்னைக்கு மாநகராட்சி வேண்டும் என்று முனைந்தவர். நகர மக்களிடம் வரி வசூலித்து மதில் முதலிய செலவுகளைச் சமாளிக்கலாம் என்பது அவர் கணக்கு. 1688 செப்டம்பர் 29 அன்று மாநகராட்சி தொடங்கியது. முன்பு தாங்கள் வெளியிட்ட சென்னை தினச் சிறப்பிதழில் அது ‘ஆங்கிலேய அரசரின் கொடை’ என்று எழுதப்பட்டிருந்ததைச் சுட்டி நான் அனுப்பிய நான்கு பக்கக் கடிதத்துக்கு, கிடைத்தது என்ற ஒரு வரிப் பதில்கூட இதுவரை வரவில்லை. அப்போது பொறுத்துக்கொண்டேன். இப்போது அதே மனிதரின் செல்வத்தில் எழுந்த வீட்டைப் பற்றிய கட்டுரையிலும் அவர் பெயர் விடுபட்டிருக்கிறது.

அந்த வீட்டை அழித்த கேத்தரினின் கணவர் மட்டும் யார்? 1799இல் சரபோஜி மன்னரிடம் கோட்டையை விட்டுவிட்டுத் தஞ்சை நாட்டின் ஆட்சியைக் கம்பெனியின் கைக்கு மாற்றிய கவர்னர் ஜெனரல் ரிச்சர்ட் வெல்லெஸ்லியின் தம்பி மகன். முப்பத்து நான்கு ஆண்டுகள் தஞ்சையில் வரலாறு கற்பித்தவன் நான். இந்த உறவைச் சொன்னால் கடைசி வரிசை மாணவனும் நிமிர்ந்து உட்காருவான். கட்டியதும் இடித்ததும் நம் மண்ணோடு தொடர்புள்ள இரு குடும்பங்களாக இருக்க, தமிழில் வரும் இதழ் அந்த வீட்டை எங்கோ இருந்த அழகிய வீடு என்று மட்டும் எழுதலாமா?

மாளிகை கடனுக்காக இடிக்கப்பட்டது, படத்தில் உள்ளது வேறு வீடு என்று அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
தஞ்சாவூர்